குன்னூர் ஈரத்தில் ட்ரீம்காஸ்ட்: தேதி கேக்குது, தானா ரீசெட் ஆகுது, டிஸ்க் சரியாப் படிக்கல

சாரல்_குன்னூர்

எல்லாருக்கும் வணக்கம். சேகா கம்பெனியோட பழைய வீடியோ கேம் பெட்டி, ட்ரீம்காஸ்ட் ஒண்ணு கைக்கு வந்திருக்கு. தகரக் கூரை வீட்டுப் பரண்ல அட்டைப்பெட்டியோட வருஷக்கணக்கா கிடந்தது. அடியில இருக்கிற ஸ்டிக்கர்ல எச்கேடி-3030னு போட்டிருக்கு, பக்கத்துல சின்ன வட்டத்துக்குள்ள 1.

கரண்ட் ஏறுது, ஆன் ஆகுறப்ப வர்ற லோகோ, அந்த நீலச் சுழி, வருது. ஆனா ஒவ்வொரு தடவையும் தேதி கேக்குது, 1998 நவம்பர் 27லயே நிக்குது. மியூசிக் சிடி போட்டா ஒழுங்கா பாடுது. கேம் டிஸ்க் போட்டா மூணு தடவைக்கு ஒரு தடவைதான் எடுக்குது. எடுத்தாலும் பத்து பதினஞ்சு நிமிஷத்துல தானா மெனுவுக்குத் திரும்பிடுது. கன்ட்ரோலர் போர்ட் நாலும் வேலை செய்யுது. விஎம்யு (கன்ட்ரோலர்ல சொருகுற மெமரி கார்டு) சொருகியிருந்தா ஆன் பண்றப்ப 'பீப்'னு கத்துது. லென்ஸ் மேல சாம்பல் கலர்ல புள்ளி புள்ளியா இருக்கு. டிவில எச்டிஎம்ஐ மட்டும்தான்.

எதுல ஆரம்பிக்கணும்? சால்டரிங் ஓரளவு வரும். ஐப்பசி மழை வந்தா எங்க சுவரே வேர்க்கும், ரெடி பண்ணினாலும் எங்க வெச்சுப் பாதுகாக்கறது? இன்னொண்ணு: காப்பி சிடிதான் இந்த மெஷினைக் கொன்னுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்களே, நெசமா?

கோத்தகிரி_சால்டர்

தம்பி, 3030னு பார்த்ததும் மூச்சு வந்தது. அது ஐரோப்பா மாடல், நம்ம 230 வோல்ட்டை நேராத் தாங்கும். நீலச் சுழியும் அதுக்கு ஒத்துப்போகுது. ஐரோப்பாவுல நீலம், ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஆரஞ்சு. ஆனா சுழியை மட்டும் நம்பி ப்ளக்கைச் சொருகக் கூடாது, ஸ்டிக்கரைப் படிக்கணும். எச்கேடி-3000 ஜப்பான், 100 வோல்ட். 3020 அமெரிக்கா, 120 வோல்ட். மூணுக்கும் பின்னாடி அதே எட்டு வடிவ சாக்கெட், பழைய டேப் ரெக்கார்டர் ஒயர் எதுலயும் ஏறும். ஜப்பான் பெட்டியை நம்ம பிளக்பாயின்ட்ல போட்டா உள்ள 325 வோல்ட் டிசி ஏறும். 100 வோல்ட்டுக்குன்னு போட்ட கெப்பாசிட்டர் வெடிச்சு ஃப்யூஸும் போகும். அந்த மாடல் வெச்சிருக்கிறவங்க 230லிருந்து 110க்கு இறக்குற ஸ்டெப்-டவுன் வாங்கிக்கணும். பெட்டி 25 வாட்டுக்குள்ள அடங்கிடும், அதனால 100 விஏ ட்ரான்ஸ்ஃபார்மரே தாராளம்.

வட்டத்துக்குள்ள 1ன்னா விஏ1, மெயின் போர்டோட ஒரு பதிப்பு. அதிகமா வந்தது அதுதான். பின்னாடி எப்பவாவது டிரைவைக் கழட்டிட்டு எஸ்டி கார்டு போர்டு வைக்கலாம்னு தோணினா, அதுக்கும் இதுதான் ஒத்துவரும். இப்ப அந்த யோசனை வேண்டாம், உன் டிரைவ் இன்னும் சாகல.

முதல்ல ரீசெட்டைப் பார். மத்ததை அப்புறம் பார்க்கலாம், ஏன்னா இதை வெச்சுக்கிட்டு டிரைவைச் சோதிச்சா எது யார் குத்தம்னே தெரியாது. நூத்துக்குத் தொண்ணூறு அது மின்பலகைக்கும் (பவர் சப்ளை போர்டு) மெயின் போர்டுக்கும் நடுவுல இருக்கிற ஆறு ஊசிதான். மின்பலகை ஒயர் இல்லாம நேரா அந்த ஆறு ஊசி மேல உக்காருது. ஊசி மேல ஈய முலாம். நம்ம ஊர்க் காத்துல அது கறுத்துப்போய் தொடுப்பு வீக் ஆகும். ஒரு கணக்குக்குச் சொல்றேன்: 0.1 ஓம் தடை வந்து 2 ஆம்பியர் ஓடினா 0.2 வோல்ட் அங்கயே காணாமப் போகும். 3.3 வர வேண்டிய இடத்துல 3.1தான் வரும். பெட்டி சூடாகி ஊசி கொஞ்சம் விரிஞ்சா இன்னும் குறையும், ப்ராசசர் ரீசெட் அடிக்கும். உனக்குப் பத்து நிமிஷம் கழிச்சு வர்றதுக்குக் காரணம் இந்தச் சூடுதான்.

செய்ய வேண்டியது: ஒயரைப் பிடுங்கு. பவர் பட்டனை ரெண்டு தடவை அமுக்கு. அரை மணி நேரம் விடு. பக்கவாட்டுல இருக்கிற மோடத்தைக் கொக்கியை விடுவிச்சு உருவு. ஸ்க்ரூ மொத்தம் நாலு, அதுல ஒண்ணு மோடத்துக்கு அடியில ஒளிஞ்சிருக்கு. அதை மறந்துட்டு மேல்மூடியை நெம்பித்தான் பாதிப் பேர் மூலையை உடைக்கிறாங்க. மூடி வந்ததும் மின்பலகை மேல கை வைக்காதே. பெரிய கெப்பாசிட்டர்ல மீட்டரை டிசியில வெச்சு 10 வோல்ட்டுக்குக் கீழ வந்துடுச்சான்னு பார்த்துட்டு அப்புறம் தொடு. பலகையோட ஸ்க்ரூவைக் கழட்டி, சாய்க்காம நேரா மேல தூக்கு.

ஊசிகளை 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல நனைச்ச பஞ்சுக்குச்சியால ஒவ்வொண்ணா துடை, பஞ்சு வெள்ளையா வர்ற வரைக்கும். உப்புத்தாள் போடாதே. போட்டா முலாம் போயிடும், அடுத்த மழைக்கே மறுபடி கறுக்கும். மின்பலகைப் பக்கத்து சாக்கெட்டுக்குள்ள ஆல்கஹால் ரெண்டு சொட்டு விட்டு, பலகையைப் பத்துப் பதினஞ்சு தடவை ஏத்தி இறக்கு. அந்த உரசல்லயே உள்பக்கம் சுத்தமாகும். கடைசியா மூக்குக் குறடால ஒவ்வொரு ஊசியையும் முடி அளவுக்கு ஒரு பக்கமாச் சாய்ச்சு விடு, சாக்கெட்டுக்குள்ள அழுத்திப் பிடிக்கும். முடி அளவுன்னா முடி அளவுதான், ஊசி முறிஞ்சா பெரிய வேலை. இதுக்கப்புறமும் ரீசெட் ஆனா மூடியோட சுவிட்சைச் சந்தேகப்படு. மூடி திறந்துட்டதா நினைச்சாலும் அது மெனுவுக்குத்தான் போகும்.

ஆல்கஹால் பாட்டிலைத் திறந்து வெச்சுட்டு வேலை பார்க்காதே. மூடுபனி நேரத்துல அது காத்துல இருக்கிற தண்ணியை இழுத்துக்கும், ஒரு மாசத்துல 99 எங்கேயோ போயிடும். சின்னக் குப்பியில ஊத்தி வெச்சுக்க.

அடுத்தது டிஸ்க். மியூசிக் சிடி பாடுது, கேம் எடுக்கலன்னா மோட்டாரும் லேசரும் உயிரோட இருக்குன்னு அர்த்தம். இதோட கேம் டிஸ்க்கான ஜிடி-ராம்ல கிட்டத்தட்ட 1 ஜிபியை அடைச்சிருக்காங்க, கோடுகள் நெருக்கம். மங்கின லென்ஸ் சிடியைச் சமாளிக்கும், இதைச் சமாளிக்காது. அதே ஆல்கஹாலை ஒரு துளி பஞ்சுல எடுத்து, அமுக்காம நடுவுலிருந்து வெளிப்பக்கமா சுத்தித் துடை. லென்ஸ் பிளாஸ்டிக். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் பட்டா அதோட முடிஞ்சது. அப்புறம் லேசர் நகர்ற கம்பியில காய்ஞ்ச கிரீஸைத் துடைச்சுட்டு, வெள்ளை லித்தியம் கிரீஸ் அரிசி அளவு. குளிர்ல பழைய கிரீஸ் மெழுகு மாதிரி இறுகிடும், காலையில எடுக்காத டிஸ்க் மத்தியானம் எடுத்தா அதான் விஷயம்.

டிரைவ்ல ப்ரீசெட்னு திருகி மாத்துற சின்னத் தடை ஒண்ணு இருக்கும், அதைத் திருகினா லேசர் பவர் ஏறும்னு வீடியோவுல காட்டுவாங்க. அது கடைசி வைத்தியம். பவர் ஏத்தினா லேசரோட ஆயுசு இறங்கும். வேற வழியே இல்லன்னா பழைய இடத்தைப் பேனாவால குறிச்சு, மீட்டர்ல ஓம் எவ்வளவுன்னு எழுதி வெச்சுட்டு, துளித்துளியாத் திருப்பு.

தேதி கேக்குறது கன்ட்ரோலர் போர்டுல இருக்கிற பேட்டரி. அதுக்கு எம்எல்2032 வாங்கு, ஹோல்டரும் சேர்த்து. பேட்டரி மேல நேரா சால்டர் வைக்காதே. அதே போர்டுல எஃப்1னு ஒரு ஃப்யூஸ் இருக்கு. உனக்கு நாலு போர்ட்டும் ஓடுறதால அது நல்லா இருக்கு, கை வைக்காதே. என்னைக்காவது நாலும் ஒண்ணாச் செத்தா அதுதான் போயிருக்கும். பெட்டி ஓடிக்கிட்டிருக்கும்போது கன்ட்ரோலரைப் பிடுங்கிச் சொருகினா அது போகும்.

விஎம்யு கத்துறது அதுக்குள்ள இருக்கிற ரெண்டு சிஆர்2032 தீர்ந்ததால. சேவ் எதுவும் அழியாது, அது ஃப்ளாஷ்ல இருக்கு. விளையாடாத மாசங்கள்ல அந்த ரெண்டையும் கழட்டியே வை.

கோடைமேகம்

மேல சொன்னதோட சேமிப்பு விஷயம் சேர்க்கிறேன், கொடைக்கானல்ல இதுதான் பாதி வேலை.

பூஞ்சணத்துக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்ல, ஈரப்பதம்தான் கணக்கு. 65, 70 சதவீதத்துக்கு மேல நாள்கணக்கா நின்னா லென்ஸ்லயும் பிடிக்கும், டிஸ்க் அட்டைப் படத்துலயும் பிடிக்கும். கேமரா வெச்சிருக்கிறவங்க செய்யறதைத்தான் செய்யணும்: ரப்பர் விளிம்பு வெச்ச, காத்துப் போகாத பிளாஸ்டிக் பெட்டி. 20 லிட்டர் பெட்டிக்கு 250 கிராம் சிலிக்கா ஜெல். உள்ள ஒரு சின்ன டிஜிட்டல் ஈரமானி. 40லிருந்து 50க்குள்ள நின்னா போதும். ஈரமானி பொய் சொல்லுதான்னு தெரியணும்னா, ஒரு மூடியில சமையல் உப்பைப் போட்டு, சேறு மாதிரி ஆகுற அளவு தண்ணி தெளிச்சு, ஈரமானியோட சின்ன டப்பாவுல அடைச்சு 8 மணி நேரம் விடுங்க. 75 காட்டணும். 80 காட்டினா எப்பவும் 5 கழிச்சுப் படிங்க.

ஜெல் ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறினா 120 டிகிரி ஓவன்ல 2 மணி நேரம், மறுபடி ஆரஞ்சாகும். நீல ஜெல் வாங்காதீங்க, அதுல கோபால்ட் இருக்கு, சமையல் பாத்திரத்துல காய்ச்சுற பொருள் இல்ல. அட்டைப்பெட்டியைத் தூக்கி வெளிய வைங்க, அது ஸ்பான்ஜ் மாதிரி ஈரத்தை உறிஞ்சி வெச்சுக்கும். அந்துருண்டை போடவே கூடாது, அந்த ஆவி டிஸ்க் டப்பாவோட பாலிஸ்டைரீனை இளக்கி ஒட்ட வெச்சுடும்.

இதை விட முக்கியம் வேர்வை. அறை 22 டிகிரி, ஈரப்பதம் 60ன்னா பனிப்புள்ளி (காத்து ஈரம் தண்ணியாப் படிய ஆரம்பிக்கிற சூடு) சுமார் 14. பரண்ல 10 டிகிரியில கிடந்த பெட்டியைக் கொண்டுவந்து உடனே ஆன் பண்ணினா உள்ள இருக்கிற ஒவ்வொரு உலோகத்துலயும் தண்ணி கோத்திருக்கும். பிளாஸ்டிக் பையில கட்டி அறைக்குக் கொண்டு வாங்க, 2 மணி நேரம் கழிச்சுப் பையை அவிழுங்க. அப்ப ஈரம் பை மேல படியும், பெட்டி மேல படியாது. அறையைச் சூடாக்க கேஸ் ஹீட்டரோ மண்ணெண்ணெய் ஹீட்டரோ வெச்சா அதுவே நீராவியைக் கக்கும், ஜன்னல் கண்ணாடி அழறதைப் பார்த்தாலே தெரியும். கரண்ட் ஹீட்டர்னா அந்தத் தொல்லை இல்ல.

சித்திரை வைகாசி இடி மழைக்கு சர்ஜ் ப்ரொடெக்டர் போதும்னு நம்பாதீங்க. உருமல் கேட்டா ஒயரைக் கழட்டிடுங்க.

சாரல்_குன்னூர்

ரொம்ப நன்றி அண்ணா. கோடைமேகம் சார், உப்பு டெஸ்ட் அருமை. எச்டிஎம்ஐக்கு மஞ்சள் சிவப்பு வெள்ளை ஒயர்ல ஒரு கன்வெர்ட்டர் கடையில காட்டினாங்க, வாங்கலாமா?

கோடைமேகம்

சார் இல்ல தம்பி, அக்கா.

அதை வாங்காத. ட்ரீம்காஸ்ட் 640க்கு 480 படத்தை முழுசா, நொடிக்கு 60னு விஜிஏல கொடுக்கும். அந்தக் காலத்துப் பெட்டிகள்ல இது அபூர்வம். விஜிஏ கேபிள் ஒண்ணு, அதுக்கப்புறம் ஆடியோ உள்ளீடு இருக்கிற விஜிஏ–எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர். எந்தக் கேபிள் மாட்டியிருக்குன்னு பின்பக்க ஊசிகளை வெச்சு பெட்டியே கண்டுபிடிச்சுக்கும், செட்டிங் எதுவும் இல்ல. ஐரோப்பா மாடலோட 50 ஹெர்ட்ஸ் படத் தொல்லையும் அதோட ஒழியும். டிவியை 4:3ல வை, இழுத்து அகலமாக்காத. சில கேம்கள் விஜிஏவை ஏத்துக்காது, அதுக்கு மட்டும் மஞ்சள் ஒயர்.

கன்ட்ரோலர் பத்தி ஒண்ணு. அதோட ஸ்டிக்கும் ட்ரிக்கரும் காந்தம் வெச்ச ஹால் சென்சார். தேய்மானம் கிட்டத்தட்ட இல்ல, இப்ப வர்ற கன்ட்ரோலர் சிலது இதைப் பெருமையா விளம்பரம் பண்ணுது. ஆனா ஆன் பண்றப்ப நிக்கிற இடத்தைத்தான் நடுவுன்னு எடுத்துக்கும். அந்த நேரம் விரலை எடுத்துடு, இல்லன்னா ஆளு தானா நடப்பான், நீ ஸ்டிக் போச்சுன்னு பிரிச்சுப் போடுவ.

மலைரயில்_பல்சக்கரம்

காப்பி சிடி கேள்விக்கு யாரும் பதில் சொல்லல.

தேதிகளை வரிசையா வெச்சுப் பார்த்தா அந்தக் கதை நிக்காது. ஜப்பான்ல 1998 நவம்பர் 27 (உங்க பெட்டி காட்டுற தேதி அதுதான்). அமெரிக்காவுல 1999 செப்டம்பர் 9, விலை 199 டாலர், முதல் 24 மணி நேரத்துல 2,25,132 பெட்டி. மாடிஃபை பண்ணாத பெட்டியில காப்பி டிஸ்க் ஓட ஆரம்பிச்சது 2000 நடுவுல. உற்பத்தியை நிறுத்துறோம்னு சேகா சொன்னது 2001 ஜனவரி 31. நடுவுல ஆறேழு மாசம். ஒரு கம்பெனி அவ்வளவு சீக்கிரம் சாகணும்னா முன்னாடியே படுக்கையில இருந்திருக்கணும். சேகா இருந்தது.

இதுக்கு முந்தின பெட்டியான சாட்டர்னை 1995 மே மாசம் அமெரிக்காவுல முன்னறிவிப்பு இல்லாம 399 டாலருக்கு இறக்கினாங்க. சில கடைகளுக்கு மட்டும் சரக்கு, கிடைக்காத கடைக்காரங்க பகையானாங்க. சோனி தன்னோட ப்ளேஸ்டேஷனுக்கு 299னு சொல்லிட்டு மேடையை விட்டு இறங்கினான். 32எக்ஸ்னு ஒரு ஒட்டுப்பெட்டி வாங்கினவங்க ஏற்கெனவே ஏமாந்திருந்தாங்க. ட்ரீம்காஸ்ட் வர்றப்ப கடனும் இருந்தது, 'இவங்க நடுவுல விட்டுடுவாங்க'ங்கற சந்தேகமும் இருந்தது. ஜப்பான்ல முதல் நாளே விக்க சரக்கு பத்தல, கிராஃபிக்ஸ் சிப் போதுமான அளவு வரல.

பெரிய கேம் கம்பெனியான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஒரு கேம் கூடக் கொடுக்கல. ஸ்போர்ட்ஸ் கேம்ல வேற யாரும் இருக்கக் கூடாதுன்னு கேட்டாங்க, சேகாவோ விஷுவல் கான்செப்ட்ஸ் கம்பெனியை விலைக்கு வாங்கி சொந்தமா ஸ்போர்ட்ஸ் கேம் பண்ணிக்கிட்டிருந்தது. பிறகு 2000 மார்ச்ல ஜப்பான்ல ப்ளேஸ்டேஷன் 2. அது டிவிடி படமும் ஓட்டும். வீட்டுக்கு டிவிடி ப்ளேயர் வாங்கற காசுல கேம் பெட்டியும் வருதுன்னா யார் ஜிடி-ராமைப் பார்ப்பா? பழைய ப்ளேஸ்டேஷன் கேம்களும் அதுல ஓடும். சேகா விலையை 149க்கும், பிறகு 99க்கும் இறக்கினது, ஒவ்வொரு பெட்டியிலும் கைக்காசு போச்சு. மொத்தம் வித்தது 91 லட்சத்து 30 ஆயிரம். தலைவர் இசாவோ ஒகாவா இறக்கும் முன்னாடி தன்னோட சொந்தப் பங்குகளைக் கம்பெனிக்கே கொடுத்தாரு, அதை வெச்சுத்தான் சேகா மூழ்காம கேம் கம்பெனியா மட்டும் மிஞ்சினது.

காப்பி டிஸ்க்குக்கு வழி விட்டது சேகாவேதான், மில்-சிடின்னு பாட்டோட படமும் காட்டுற ஒரு சிடி வகையைப் படிக்க வெச்ச ஓட்டை. கடைசியா வந்த பெட்டிகள்ல அதை அடைச்சாங்க. அது வலியைக் கூட்டியிருக்கும், ஒத்துக்கிறேன். நோய் வேற.

கோத்தகிரி_சால்டர்

ரயில் சார் சொல்றதுல ஒண்ணு மட்டும் இடிக்குது. கேம் வித்துத்தான் பெட்டி நஷ்டத்தைக் கட்டணும்ங்கற வியாபாரத்துல, கேமே விக்கலன்னா ஆறு மாசம்ங்கறது சின்னக் காலம் இல்ல. சாகக் கிடந்தவனுக்கு மூச்சுக்குழாயில கை வெச்ச மாதிரிதான்.

மலைரயில்_பல்சக்கரம்

அதே ஓட்டை வேற வேலையும் பண்ணினது. ஆர்வலர்கள் எழுதுற கேம் இன்னைக்கும் சாதா சிடியில ஓடுறதுக்கு அதுதான் காரணம். ஜப்பான்ல 2007 வரைக்கும் புது டிஸ்க் வந்தது, செத்து ஆறு வருஷம் கழிச்சு. காசு போட்டு விளையாடுற ஆர்கேட் கடைகளுக்குப் போன நவோமி போர்டு கிட்டத்தட்ட இதே மெஷின், மெமரி மட்டும் கூட. அதனால அங்க எழுதினதை இங்க மாத்தறது சுலபம்.

சாரல்_குன்னூர்

அப்டேட். ஆறு ஊசியும் கறுப்பு, எட்டுப் பஞ்சுக்குச்சி ஆச்சு. துடைச்சுச் சாய்ச்ச பிறகு 3 மணி நேரம் ஓடிச்சு, ரீசெட் இல்ல. லென்ஸ் துடைச்சு, கம்பிக்கு கிரீஸ் போட்டு, பத்துக்கு ஒன்பது தடவை டிஸ்க் எடுக்குது. ப்ரீசெட்டைத் தொடல.

கீழ கோவைக்குப் போனவர்கிட்ட பேட்டரி சொல்லி விட்டிருந்தேன். கடையில 'எல்லாம் ஒண்ணுதான்'னு சிஆர்2032 கொடுத்து அனுப்பிட்டாங்க. ஹோல்டர் வெச்சு அதையே மாட்டிட்டேன், தேதி நிக்குது. இப்படியே விடலாமா?

கோத்தகிரி_சால்டர்

விடாதே, இதைப் படிச்ச உடனே கழட்டு. அளவும் 3 வோல்ட்டும்தான் ஒண்ணு. எம்எல் சார்ஜ் ஏறுற பேட்டரி, 65 மில்லிஆம்பியர்-மணிதான் பிடிக்கும், பெட்டி ஓடுறப்ப ஏறும், சும்மா இருக்கிறப்ப இறங்கும். சிஆர் சார்ஜ் ஏறவே கூடாத பேட்டரி. உன் பெட்டி ஒவ்வொரு தடவை ஆன் ஆகும்போதும் அதுக்குள்ள கரண்டைத் தள்ளும். உப்பும், கசியும், வெடிக்கவும் வாய்ப்பு உண்டு. கசிஞ்சா அடியில கன்ட்ரோலர் போர்டு ட்ராக்கைத் தின்னுடும்.

எம்எல் கிடைக்கிற வரைக்கும் ஹோல்டரைக் காலியா விட்டாலும் பெட்டி ஓடும், தேதிதான் கேக்கும். சிஆரையே வெச்சுக்கணும்னா கரண்டை ஒரே பக்கம் மட்டும் விடுற 1என்4148 டையோடு ஒண்ணை வரிசையில போடு: ஹோல்டரோட பிளஸ் காலை போர்டுலிருந்து தூக்கி, டையோடோட கோடு போட்ட முனை போர்டுப் பக்கம், கோடு இல்லாத முனை பேட்டரிப் பக்கம். அரை வோல்ட் சொச்சம் குறையும், கடிகாரத்துக்கு அது பரவாயில்ல. மாட்டினதும் பெட்டியை ஆன்ல விட்டு பேட்டரி முனையில மீட்டர் வை. வோல்ட் மேல ஏறிக்கிட்டே போச்சுன்னா டையோடு தலைகீழா இருக்கு.